பேரீச்சம்பழ விலை

பழைய இரும்புக்குத் தமிழ்நாட்டில் வெகு காலம் ஒரே ஒரு விலைதான் இருந்து வந்தது: பேரீச்சம்பழம். தள்ளுவண்டியின் ஒரு மூலையில் ஈ மொய்க்கும் பழக்கட்டி, இன்னொரு மூலையில் தராசு. பெரியவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரம் பார்த்துத் தெருக்கோடியில் அந்தக் குரல் கேட்கும். குழந்தைகளுக்கு உடனே கைகால் பரபரக்கும். ஓட்டை வாளி, காம்பு ஒடிந்த இரும்புக் கரண்டி, கதவிலிருந்து கழன்ற கீல், சில சமயம் கழலாத கீல் கூட வண்டிக்குப் போய்ச் சேரும். ஒரு கைப்பிடிப் பழம் கிடைக்கும். இரண்டு கட்சிக்கும் பரம திருப்தி. அந்த இரும்பு எந்த ஊரில் செய்தது, எந்த வருஷத்தில் செய்தது, எதற்காகச் செய்தது என்று யாரும் கேட்டதில்லை.

இப்போது பழம் போய்ப் பணம் வந்திருக்கிறது. காயலான் கடையில் கிலோவுக்கு இன்ன விலை என்று ஸ்பஷ்டமாகச் சொல்கிறார்கள். ஆனாலும் தத்துவம் மாறவில்லை. தராசு என்ன சொல்கிறதோ அதுதான் விலை. அந்தத் தராசுக்குக் கட்டுப்படாத சில இரும்புச் சாமான்களைப் பற்றித்தான் இங்கே சொல்ல வந்தேன். மோட்டார்ப் பட்டறைகளில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கிடக்கும் பழைய ஸ்பானர், குறடு, திருப்புளி, டயர் லீவர், கிரீஸ் கன் ஆகியவற்றைச் சேர்க்கிறவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். பழைய நாணயத்தையும் தபால் தலையையும் சேர்க்கிறவர்களைப் போல இவர்களுக்கும் சங்கம் உண்டு, சண்டை உண்டு, ஏலம் உண்டு.

இந்தப் பைத்தியத்துக்கு நியாயம் இல்லாமலில்லை. 50 வயதான மோட்டார் வண்டிக்கு நம் சர்க்கார் 2021-ல் தனி மரியாதை செய்து ஒரு விதி கொண்டுவந்தது. பழமை கெடாமல் வைத்திருக்கும் வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி நம்பர் கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய். அப்படி நம்பர் வாங்கின வண்டியைக் கண்காட்சிக்குக் கொண்டு போய் நிறுத்துகிறவருக்கு ஒரு குறை மனசில் அரித்துக்கொண்டே இருக்கும். வண்டி புதிதாக வந்தபோது கூடவே ஒரு தோல் பையில் ஆறேழு ஸ்பானர் வந்திருக்கும். அதில் நாலுதான் கையில் இருக்கும். நம் வீடுகளில் நவராத்திரிக் கொலுவுக்குத் தசாவதார செட்டை எடுக்கும்போது வராக மூர்த்தியை மட்டும் காணோம் என்றால் வீட்டு அம்மாள் என்ன பாடு படுகிறாள்? ஒன்பது பொம்மை இருப்பது தோன்றாது. இல்லாத பத்தாவதுதான் கண்ணை உறுத்தும். அந்த ஒன்றுக்காக எந்த ஊர்க் கடைக்கும் ஆள் அனுப்புவாள். பழைய ஸ்பானரின் விலை அங்கேதான் பிறக்கிறது.

எனக்கு இதில் பரிச்சயம் உண்டானது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரினால். 1960-களில் சென்னையில் செய்த வண்டி. அது ஓடிய தூரத்தைக் காட்டிலும், அதற்குச் சாமான் தேடிச் சென்னைப் புதுப்பேட்டைச் சந்துகளில் நான் நடந்த தூரம் அதிகம். வண்டி போய்விட்டது, நடந்த பழக்கம் மட்டும் நின்றுவிட்டது. கதை எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு மூட நம்பிக்கை நம் ஊர்ப் பக்கத்தில் உண்டு. ஜாதகம், வக்கீல் நோட்டீஸ், பழைய செப்புக் குடம் எதுவானாலும் கொண்டுவந்து காட்டுவார்கள். அந்த நம்பிக்கையில்தான் பாபநாசத்துக்கு அருகில் பட்டறை வைத்திருந்த மேஸ்திரி ஒருவரின் பெண் ஒரு நாள் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள்.

மேஸ்திரிக்கு வயது 80-க்கு மேல். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் கீற்றுக் கொட்டகை ஒன்றில் அறுபது வருஷம் பட்டறை நடத்தியவர். குறுவைக்குத் தண்ணீர் திறக்கும் முன்பு பம்ப் செட் என்ஜின்கள் அவரிடம் வரும். அறுப்பு வந்தால் டிராக்டரும் நெல் லாரியும் வரும். நடுவில் கல்யாணக் கார்கள். கண் பார்வை மங்கிப் பட்டறையை மூடி ஒரு வருஷம் ஆகியிருந்தது. இடத்துக்காரர் நல்ல மனுஷர்தான். ஆனால் இடத்தை விற்றுவிட்டார். வாடகை பாக்கி 12,000 ரூபாய். வாரக் கடைசிக்குள் கொட்டகையைக் காலி செய்ய வேண்டும். காயலான் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். மொத்தம் 46 கிலோ, கிலோ 28 ரூபாய்.

"1,288 ரூபாய் தர்றேங்கறாங்க. அப்பா ஒண்ணும் பேசலை. சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துட்டாங்க. நீங்க ஒரு தடவை வந்து பாருங்க சார்" என்றாள் அந்தப் பெண்.

போனேன். மேஸ்திரி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சாமான்கள் ஒரு பலகைப் பெட்டியிலும் இரண்டு சாக்கிலும் இருந்தன. பெண் தன்னால் ஆன உபகாரமாக, நாலைந்து ஸ்பானர்களைத் திண்ணையில் பரப்பி உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஆரம்பித்திருந்தாள். முதல் வேலையாக அதை நிறுத்தச் சொன்னேன். பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்த்தால் மதிப்புக் கூடும். பழைய ஸ்பானரைத் தேய்த்தால் குறையும். வாங்குகிறவர் பார்ப்பது, செய்த கம்பெனி கொடுத்த கறுப்புப் பூச்சோ நிக்கல் பூச்சோ எவ்வளவு மிச்சம் என்பதை. எழுத்து மழுங்கினால் போச்சு. மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப் போட்டு, மறு நாள் தேங்காய் நாரால் துடைத்தால் போதும். துரு போகும்; எழுத்து நிற்கும்.

மேஸ்திரிக்குக் கண் தெரியாவிட்டாலும் கை தெரிந்தது. ஒவ்வொன்றாக எடுத்து அவர் கையில் கொடுப்பேன். விரலால் ஒரு தடவை தடவிவிட்டுச் சொல்லுவார்.

முதலில் வந்தது கறுத்த இரட்டை வாய் ஸ்பானர். நடுவில் சாய்வான கையெழுத்துப் போல 'போர்டு' என்று இருந்தது. எடுத்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நூறு வருஷத்துச் சாமான்! ஆனால் நூறு வருஷம் என்பது வேறு, அருமை என்பது வேறு. போர்டு கம்பெனி 1908 முதல் 1927 வரை 'மாடல் டி' என்ற ஒரே வண்டியை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்து தள்ளியது. வண்டிக்கு வண்டி ஸ்பானர் கொடுத்தது. மனிதர்கள் செத்தார்கள், வண்டிகள் செத்தன, ஸ்பானர் சாகவில்லை. அமெரிக்காவில் அது சந்தைக்குச் சந்தை, சில டாலருக்குக் கிடைக்கும். கொஞ்சமாகச் செய்த வண்டியோடு வந்த, அதைவிட நாற்பது வருஷம் இளைய ஸ்பானர் அதைப் போலப் பல மடங்கு விலை போகும். வயதுக்கு விலை கிடையாது. எத்தனை மிச்சம், எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதற்குத்தான் விலை.

அடுத்தது வாயைத் திருகிச் சிறிதாக்கிப் பெரிதாக்கும் ஸ்பானர். 'கிங் டிக்' என்று இருந்தது. பர்மிங்ஹாமில் உள்ள அபிங்டன் கம்பெனியின் சரக்கு. கம்பெனித் தலைவர் வளர்த்த புல்டாக் நாயின் பெயர் கிங் டிக். அதையே சரக்குக்கும் வைத்தார்கள். "இதுக்கு நாங்க நாய் ஸ்பானர்னுதான் சொல்றது. கவ்வினா விடாது" என்றார் மேஸ்திரி. பெயரின் கதை அவருக்குத் தெரியாது, குணம் தெரிந்திருந்தது.

மூன்றாவதாக ஓர் அமெரிக்க ரிஞ்ச். கம்பெனிப் பெயர் தேய்ந்து போயிருந்தது. ஆனால் பூதக் கண்ணாடியில் ஒரு பேடண்ட் நம்பர் தெரிந்தது: 17 லட்சத்துச் சொச்சம். இது ஒரு நல்ல துப்பு. அமெரிக்காவில் பேடண்ட் நம்பர் 1911-ல் 10 லட்சத்தை எட்டியது. அந்தப் பத்து லட்சமாவது பேடண்ட் ஒரு மோட்டார் டயருக்குக் கிடைத்தது என்பது வேடிக்கையான பொருத்தம். 17 லட்சத்துக்கு வந்தது 1929-ல். ஆகவே அந்த ரிஞ்ச் 1929-க்கு முன்னால் செய்ததாக இருக்க முடியாது. பின்னால் எப்போது வேண்டுமானாலும் செய்திருக்கலாம். பேடண்ட் நம்பர் ஜாதகம் அல்ல. 'இதற்கு மேல் வயது இல்லை' என்று சொல்லும் சாட்சி, அவ்வளவுதான். இதே கணக்கில் 'மேற்கு ஜெர்மனி' என்று பொறித்த சாமான் 1949-க்கு முன்பு இருக்க முடியாது. அந்தப் பெயரில் ஒரு தேசமே அப்போது இல்லை.

இன்னொன்றில் பெயரே இல்லை. காக்கைக் கால் போல மூன்று கோடு கூடிய அம்பும், 1943 என்ற வருஷமும்தான் இருந்தன. அது பிரிட்டிஷ் சர்க்காரின் ராணுவச் சொத்து என்பதற்கு அடையாளம். யுத்தம் முடிந்த பிறகு ராணுவம் கழித்துவிட்ட லாரிகளை ஏலத்தில் எடுத்துக் கூண்டு கட்டிப் பஸ்ஸாக ஓட்டிய காலம் ஒன்று உண்டு. 'டிஸ்போசல் வண்டி' என்றால் அந்தக் காலத்து மனிதர்களுக்குத் தெரியும். வண்டியோடு வந்த ஸ்பானர் வண்டி போன பிறகும் பாபநாசத்தில் தங்கிவிட்டது.

சோழ நாட்டுக்கு மோட்டார் வந்த கதையே அந்தப் பெட்டியில் இருந்தது என்று சொல்லலாம். டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1910-களின் தொடக்கத்தில் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே பஸ் ஓட்டியவர். கும்பகோணத்தில் ராமன் அண்ட் ராமன் போன்ற பஸ் கம்பெனிகள் வளர்ந்தன. யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தபோது பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி, அதில் உண்டாகும் வாயுவைக் கொண்டு ஓட்டினார்கள், டி.வி.எஸ். கம்பெனியே அந்தச் சாதனத்தைச் செய்து விற்றது. மேஸ்திரியின் குரு அப்படிப்பட்ட பஸ்ஸில் கிளீனராக இருந்தவராம். அடுப்பைக் கிளறும் நீளக் கம்பி ஒன்று சாக்கில் இருந்தது. எந்தக் கம்பெனிப் பெயரும் இல்லாத வெறும் கம்பி. மேஸ்திரி சொல்லியிராவிட்டால் வைக்கோல் போர் பிடுங்கும் துரட்டி என்று நினைத்திருப்பேன். பிறகு 1972-ல் தனியார் பஸ்கள் சர்க்கார் கைக்குப் போய், கும்பகோணத்தைத் தலைமை இடமாகக் கொண்டு சோழன் போக்குவரத்துக் கழகம் வந்தது. ஒரு கம்பெனி கலைந்தபோது கொடுக்க வேண்டிய கூலிக்குப் பதிலாக ஒரு பெட்டி ஸ்பானரைக் கொடுத்தார்களாம். அப்படித்தான் மேஸ்திரியின் சொந்தப் பட்டறை விருத்தியாயிற்று.

அந்தப் பெட்டிதான் பெட்டிக்குள் பெட்டியாக அடியில் இருந்தது. திறந்தபோது, சின்னதிலிருந்து பெரிதுவரை ஒன்றுகூடக் குறையாமல், முழு விட்வொர்த் செட்.

விட்வொர்த் என்பது ஓர் இங்கிலீஷ்காரரின் பெயர். 1841-ல் ஜோசப் விட்வொர்த் என்ற என்ஜினீயர், ஆளுக்கு ஒரு தினுசாகத் திருகாணி மரை வெட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, எல்லாரும் ஒரே கணக்கில் வெட்டலாம் என்று யோசனை சொன்னார். பிரிட்டிஷ் இயந்திரங்கள் நூறு வருஷத்துக்கு மேல் அந்தக் கணக்கிலேயே ஓடின. அதில் புதியவர்களைத் திணற அடிக்கும் சங்கதி ஒன்று உண்டு. ஸ்பானரில் 1/2 என்று போட்டிருந்தால் அதன் வாய் அரை அங்குலம் இருக்காது, ஏறக்குறைய 0.92 அங்குலம் இருக்கும். எண் போல்டின் உடம்புக்கு. வாய் போல்டின் தலைக்கு. யுத்தத்தில் இரும்பைச் சிக்கனம் செய்ய வேண்டித் தலையை ஒரு படி சிறிதாக்கினார்கள். அதனால் ஒரே வாய்க்குப் பெரிய எண் ஒன்றும் சிறிய எண் ஒன்றுமாக இரண்டு எண் போட்ட ஸ்பானர்களும் உண்டு. அமெரிக்கர்களின் மரையோ வேறு கோணம். நேச நாடுகளாக யுத்தம் செய்தவர்கள் ஒருவர் நட்டை மற்றவர் போல்டில் மாட்ட முடியாமல் தவித்து, கடைசியில் 1948-ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் கூடிப் பொது மரைக்கு ஒப்பந்தம் செய்தன.

அந்த ஒப்பந்தம் பாபநாசத்துப் பட்டறையிலும் எதிரொலித்தது. பழைய வண்டிக்கும் புல்லட்டுக்கும் விட்வொர்த் சைஸ். அம்பாசடருக்கு ஏ.எப். என்னும் அங்குல சைஸ். இதில் எண்ணும் வாயும் ஒன்று. பியட் காருக்கு மில்லிமீட்டர். ஆக மூன்று பாஷை. "மூணும் வேணும் சார். ஒண்ணுக்கு ஒண்ணு கிட்டத்தட்ட சேரும். சேர்ற மாதிரி இருந்து நட்டோட மூலையைத் தின்னுடும். அதுதான் ஆபத்து. சேராதது நல்லது, கையில எடுக்க மாட்டான்" என்றார் மேஸ்திரி. மனிதர்களைப் பற்றிக்கூட இதைச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது. அவர் ஸ்பானரைப் பற்றித்தான் சொன்னார்.

செட்டில் ஒவ்வொன்றையும் நூலில் தொங்க விட்டுச் சின்னச் சுத்தியால் தட்டிப் பார்த்தோம். சந்தையில் மண்சட்டி வாங்குகிறவள் சுண்டிப் பார்ப்பதைப் போல. கணீரென்று ஒலித்தால் உடம்பு நல்லது. சத்தம் அமுங்கினால் உள்ளே எங்கோ விரிசல். எல்லாம் கணீரென்றன. போலிச் சரக்கைக் கண்டுபிடிக்கவும் உபாயம் உண்டு. பெரிய கம்பெனி பெயரைக் காப்பி அடிக்கிறவன் எழுத்தைக் கடைசியில் வெட்டுவான். அது மேலோட்டமாக, ஓரம் கூராக இருக்கும். அச்சில் அடித்தெடுத்த எழுத்து உடம்போடு உடம்பாக எழும்பி நிற்கும். விரல் நுனிக்கு வித்தியாசம் தெரியும்.

இன்னோர் அடையாளமும் இருந்தது. எந்த வெளிநாட்டுப் புஸ்தகத்திலும் அதைப் போட்டிருக்க மாட்டார்கள். பெரிய ஸ்பானர்களின் எழுத்துக் குழிகளில் சிவப்பாக ஏதோ காய்ந்திருந்தது. துரு என்று நினைத்தேன். குங்குமம். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் எண்ணெயோடு கலந்து உள்ளே இறுகியிருந்தன. சந்தனம் கறுத்துவிட்டது, குங்குமம் நிறம் விடவில்லை. இங்கிலாந்தில் பிறந்த இரும்பு எந்த ஊரில் வாழ்ந்தது என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது. அதை மட்டும் மண்ணெண்ணெயில் போடவில்லை.

விலை வைக்கும் கட்டத்துக்கு வந்தோம். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஏமாற்றுகிறவர்களைவிடத் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்கிறவர்கள் அதிகம். போனில் யாரோ ஒருவன் ஒரு ஸ்பானரின் படத்தைப் போட்டு 15,000 ரூபாய் என்று எழுதியிருப்பான். அது விலை அல்ல, ஆசை. அதே ஸ்பானர் போன மாதம் எத்தனைக்குக் கை மாறியது என்பதுதான் விலை. இரண்டாவது, இரும்பு கனம். லண்டனில் ஒருவர் நூறு ரூபாய் அதிகம் கொடுப்பார் என்றால் தபால் கூலி ஆயிரம் தின்றுவிடும். மூன்றாவது, முழு செட்டைக் கலைக்கக் கூடாது. பத்தும் சேர்ந்து இருக்கும்போது உள்ள விலை, தனித் தனியாகப் பத்தையும் கூட்டினால் வராது. நாலாவது, சேர்க்கிறவர் கொடுக்கும் விலை ஒன்று, உபயோகிக்கிறவர் கொடுக்கும் விலை இன்னொன்று. நம் பக்கத்தில் இரண்டாமவரே நம்பகமானவர்.

அப்படியே ஆயிற்று. தஞ்சாவூரில் பழைய புல்லட்டுகளை மட்டும் பழுது பார்க்கும் ஓர் இளைஞன் வந்தான். விட்வொர்த் செட்டைக் கண்டதும் அவன் முகம் போன போக்கைப் பார்த்தேன். கடையில் கிடைக்காத சாமான். இரவல் வாங்கி இரவல் வாங்கியே காலம் தள்ளியவன். பேரம் பேசாமல் 5,500 ரூபாய் கொடுத்தான். சென்னையிலிருந்து வந்த ஒரு டாக்டர், வீட்டில் இரண்டு பழைய கார் வைத்திருப்பவர், நாய் ஸ்பானர், அமெரிக்க ரிஞ்ச், காக்கைக் கால் ஸ்பானர், ஒரு கிரீஸ் கன் இவற்றை 4,800-க்கு எடுத்துக்கொண்டார். போர்டு ஸ்பானரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னிடம் நாலு இருக்கிறது" என்று வைத்துவிட்டார்.

மிச்சத்தில் ஒரு ஸ்பானர் இருந்தது. நல்ல கம்பெனியின் பெயர் பாதி தெரிந்தது. யாரோ அதைக் காய்ச்சி, கழுத்தை ஒரு பக்கம் வளைத்து, தலையை அரத்தால் ராவி ஒல்லியாக்கி, காம்பில் பாதியை வெட்டி எறிந்திருந்தார்கள். டாக்டர் அதைத் தொடவே இல்லை. "கெட்டுப்போன பீஸ்" என்றார். சேர்க்கிறவர்கள் சாஸ்திரத்தில் அது சரியான தீர்ப்பு.

புல்லட் பையன்தான் கேட்டான்: "ஐயா, இது எதுக்கு?"

மேஸ்திரி அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். "இது நான் செஞ்சது. பெட்போர்டு என்ஜின்ல, பின்னால ஒரு நட்டு. பார்க்க முடியாது. ரெண்டு குழாயைக் கழட்டினாத்தான் கை போகும். அரை நாள் வேலை. அறுப்புக் காலத்துல நெல்லோட லாரி நிக்கும், மழை வேற இருட்டிக்கிட்டு வரும்" என்றார். பிறகு கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து, உடம்பைச் சாய்த்து, இடது கையால் எதையோ ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையை அதன் கீழே விட்டார். மணிக்கட்டு ஒரு திருப்பு. ஸ்பானரைப் புரட்டிப் பிடித்து இன்னொரு திருப்பு. மறுபடி புரட்டல். எதிரே என்ஜின் கிடையாது, கட்டிலும் சுவரும்தான். ஆனால் கை ஓரிடத்திலும் இடிக்காமல், இருக்க வேண்டிய குழாய்களைச் சுற்றிக்கொண்டு போய் வந்தது. "அஞ்சு நிமிஷம்" என்றார்.

பையன் பிரமித்துப்போய், "இப்ப அந்த என்ஜின் எங்கேயும் இல்லையே ஐயா" என்றான்.

"இல்லைதான்" என்றார் மேஸ்திரி.

காயலான் கடைக்காரர் மறு நாள் வந்தார். பித்தளைக் காற்றுப் பம்பைத் தனியாக நிறுத்து 900 ரூபாய் போட்டார். இரும்பு 31 கிலோ நின்றது, 868 ரூபாய். ஆக மொத்தம் 12,068. வளைந்த ஸ்பானரைத் தராசில் வைத்தது மேஸ்திரியேதான். நான் எடுத்து வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னபோது, "நீங்க வெச்சு என்ன சார் பண்ணப் போறீங்க?" என்று கேட்டார். கோபமாக அல்ல, உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டிக் கேட்டார். பதில் சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. கதை எழுதுவேன் என்றா சொல்வது? அடுப்பைக் கிளறும் கம்பியும் போர்டு ஸ்பானரும் அதன் மேலேயே போய் விழுந்தன.

வாடகை பாக்கி தீர்ந்தது. 68 ரூபாய் மிச்சம். மனிதர் கடனாளியாகக் கொட்டகையை விட்டுப் போகவில்லை. எடைக்கு மட்டும் போட்டிருந்தால் அப்படித்தான் போயிருப்பார். அந்த வரைக்கும் இந்த ஸ்பானர் சாஸ்திரத்துக்குப் பிரயோஜனம் உண்டு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். தராசு எடையைச் சொல்கிறது. புஸ்தகம் கம்பெனியையும் வருஷத்தையும் சொல்கிறது. இது எந்த நட்டுக்கு என்பதை இரண்டும் சொல்வதில்லை. அதைச் சொல்கிறவர் இருக்கும்வரை வெறும் கம்பியும் ஆயுதம். அவர் இல்லாவிட்டால் ஆயுதமும் வெறும் கம்பி.

கோயமுத்தூரில் ஜி.டி. நாயுடுவின் நினைவாக ஒரு கார் மியூசியம் இருக்கிறது. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ்ஸை ஓட்ட ஆரம்பித்தவர் அவர். அதற்கும் முன்பு ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, முழுசாகப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டித் தொழில் கற்றவர். கார்களை நாம் பார்த்துக்கொள்ளக் கற்றுவிட்டோம். கூடத்தில் நிறுத்தி விளக்குப் போடுகிறோம். பிரித்துப் பூட்டிய கைகளின் சமாசாரத்துக்குத்தான் இன்னும் இடம் இல்லை.

பெரிய காரியம் ஒன்றும் வேண்டாம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ பழைய பட்டறைப் பெட்டி ஒன்று இருக்கும். ஆயுத பூஜை அன்று எப்படியும் அதைத் திறந்து வெளியே எடுத்து வைப்பார்கள். சந்தனம் இடும்போது, அதை உபயோகித்தவர் உயிரோடு இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அவர் கையில் கொடுத்துக் கேளுங்கள்: இது எந்த வண்டிக்கு, எந்த நட்டுக்கு? சொல்வதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, நூலால் காம்பில் கட்டிவிடுங்கள். விற்பதானால் அந்தக் காகிதத்தோடு விற்கலாம். வாங்குகிறவர் நிச்சயம் கூடக் கொடுப்பார். பூஜை ஒரு நாள்தான். மறு நாள் சாமானெல்லாம் சாக்குக்குள் போய்விடும்.